பொட்டிபுரத்துக் கணக்கும் கூடுதல் லைப்ரரிகளும்

தேனி மாவட்டத்தில் தேவாரத்துக்கு அருகே, பொட்டிபுரம் கிராமத்தை ஒட்டி எழுகிறது போடி மேற்கு மலை. இந்த மலைத்தொடரின் மேல்பகுதிதான் போடிமெட்டு தாண்டி ஏலத் தோட்டங்களாக விரிகிறது. மலையின் அடியில் ஏறத்தாழ 2 கி.மீ. நீளச் சுரங்கம் குடைந்து, எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு கி.மீ. பாறை சூழ்ந்த குகையில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை அடுக்கி நியூட்ரினோ என்னும் நுண்துகள்களைப் பிடிப்பதென்பது இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஊர் மக்களும் சூழலியல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். வழக்குகள் நடந்தன. 2022-இல் தமிழ்நாடு அரசே உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. சுரங்கம் தோண்டப்படவில்லை.

ஆனால் தோண்டப்படாத அந்தக் குகைக்குள் இருக்க வேண்டிய கருவி என்ன காணும் என்பது வியக்கத்தக்க நுணுக்கத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. 5.6 செ.மீ. தடிமனுள்ள சுமார் 150 இரும்பு அடுக்குகள். அவற்றின் இடைவெளிகளில் ஏறக்குறைய 29,000 உணர்தட்டுகள். 10 ஆண்டுகள் தரவு சேர்ந்தால், நியூட்ரினோ நிறைகளின் வரிசை எது என்பதைச் சுமார் 3 சிக்மா உறுதியுடன் சொல்லலாம் என்கிறது 2015-இல் வெளியான திட்ட அறிக்கை. மதுரையில் 85 டன் எடையில் ஒரு சிறு மாதிரிக் கருவி உண்மையாகவே இயங்கியது. மலைக்குள் 50,000 டன் என்ன காணும் என்பதோ முழுக்க முழுக்கக் கணினிக் கணக்கு.

அந்தக் கணக்கு பிறர் எழுதிய நிரல்களின் மேல், அதாவது லைப்ரரிகளின் மேல், நிற்கிறது. துகள் இரும்புக்குள் எப்படிப் பாய்கிறது என்று சொல்வது செர்ன் ஆய்வகத்தை மையமாகக் கொண்டு உருவாகி 1998-இல் வெளிவந்த ஜியண்ட்-4. நியூட்ரினோ அணுக்கருவில் மோதினால் என்னென்ன வெளிப்படும் என்று சொல்வது நுவான்ஸ் என்ற ஃபோர்ட்ரான் நிரல். காற்று மண்டலத்திலிருந்து எத்தனை நியூட்ரினோக்கள் வரும் என்பதை ஜப்பானின் ஹோண்டா குழுவினர் கணித்துத் தந்தார்கள். ஆகவே ஒரு கணக்கின் விடை சூத்திரத்தில் மட்டும் அடங்குவதில்லை. அது எந்த லைப்ரரிகளின் எந்தப் பதிப்புகளில் ஓடியது என்பதும் விடையின் பகுதி. கூடுதல் லைப்ரரியை நிறுவுவது கணக்குக்கு முந்தைய எடுபிடி வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அது கணக்கின் முதல் வரி என்பதைக் காட்டவே இந்த அத்தியாயம்.

கையில் இருப்பதை வைத்து எவ்வளவு தூரம்?

போடி அரசுப் பொறியியல் கல்லூரி மாணவி ஒருவர் இந்தக் கணக்கின் ஒரு துண்டைத் தானே போட்டுப் பார்க்க விரும்புகிறார் என்று கொள்வோம். சக்திவாய்ந்த கணினி அவரிடம் தேவையில்லை. உலாவி இருந்தால் போதும்.

2005-இல் வில்லியம் ஸ்டைன் என்ற எண்கணிதவியலாளர் சேஜ் என்ற திறந்த மென்பொருளைத் தொடங்கினார். எண்கணிதத்துக்குப் பாரி, குலக் கோட்பாட்டுக்கு கேப், இயற்கணிதச் சுருக்கத்துக்கு மாக்ஸிமா என ஏற்கெனவே இருந்தவற்றைப் பைத்தான் மொழியால் ஒன்றிணைத்தது அது. 2013-இல் அதன் இணைய வடிவம் வந்தது. 2017-இல் அதற்குக் கோகால்க் என்று பெயர் மாறியது. கூகுளின் கோலாப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும் 2017-இல்தான். இரண்டிலும் நோட்புக் எனப்படும் பக்கத்தில் நாம் எழுதும் வரிகள் எங்கோ ஒரு சர்வரில் ஓடுகின்றன. விடை மட்டும் நம் திரைக்கு வருகிறது.

முதல் கணக்குக்கு எந்தக் கூடுதல் லைப்ரரியும் வேண்டாம். காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதிச் சுமார் 15 கி.மீ. உயரத்தில் நியூட்ரினோக்களை உருவாக்குகின்றன என்று கொள்வோம். நேர் தலைக்கு மேலிருந்து பொட்டிபுரத்துக்கு வருவது கடக்கும் தூரம் அதே 15 கி.மீ. தொடுவான நேர்கோட்டில் வருவதற்குப் பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்துப் பித்தாகரஸ் தேற்றம் போட்டால் 437 கி.மீ. பூமியின் மறுபுறத்திலிருந்து காலுக்கு அடியில் துளைத்து வருவதற்கு 12,757 கி.மீ.

மியூவான் நியூட்ரினோ செல்லும் வழியில் வேறு வகையாக மாறும் வாய்ப்பு, தூரத்தை ஆற்றலால் வகுத்த எண்ணைப் பொறுத்தது. நிறை வர்க்கங்களின் வேறுபாட்டை 0.0025 என்று வைத்துப் பள்ளி அளவு சைன் சூத்திரத்தில் போட்டால், தொடுவானத்திலிருந்து வருபவை 0.88 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் முதன்முறை பெரிதும் மறைகின்றன. நேர் கீழிருந்து வருபவை ஏறத்தாழ 26-இல் மறைகின்றன. மேலிருந்து வருபவை பெரும்பாலும் மாறாமல் வந்து சேர்கின்றன. ஒரே மலைக்குள் உட்கார்ந்து, திசையை மட்டும் மாற்றிப் பார்த்தே இயற்கையின் இந்த ஆட்டத்தைக் காணலாம் என்பது சில வரிகளில் தெரிந்துவிடுகிறது.

எங்கே நிற்கிறது?

நிறை வரிசையைக் கேட்டதும் அந்தச் சில வரிகள் போதாமல் போகின்றன. பூமிக்குள் எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் நடுவே செல்லும்போது, நியூட்ரினோ வகை மாறும் அந்த அலைவும் மாறுகிறது. இந்தப் பொருள்விளைவு, 5 முதல் 10 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வரையிலான ஆற்றலில், பூமியின் இடையடுக்கைத் துளைத்து வரும் நியூட்ரினோக்களில் பெரிதாகிறது. நிறை வரிசை ஒருவிதமாக இருந்தால் அது நியூட்ரினோவில் தெரியும். மறுவிதமாக இருந்தால் எதிர்நியூட்ரினோவில் தெரியும். பொட்டிபுரத்துக் கருவியின் இரும்புக்குக் காந்தம் ஏற்றத் திட்டமிட்டதே இரண்டையும் பிரித்தறியத்தான்.

இதைக் கணிக்க, பூமியின் அடர்த்தி மேலோட்டிலிருந்து கருவம் வரை எப்படி ஏறுகிறது என்ற அட்டவணை வேண்டும். நிலநடுக்க அலைகளிலிருந்து 1981-இல் ட்ஸிவோன்ஸ்கியும் ஆண்டர்சனும் தொகுத்த மாதிரி இன்றும் அதற்குப் பயன்படுகிறது. அந்த அட்டவணை வழியே பின்னிப் பிணைந்த வகைக்கெழுச் சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்க்க வேண்டும். சொந்தமாக எழுதலாம், எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஆனால் பலர் ஆண்டுக்கணக்கில் சோதித்துத் திருத்திய நியூஸ்குவிட்ஸ் போன்ற லைப்ரரி இருக்கும்போது, நம் விடையை அதோடு ஒப்பிடாமல் நம்பக் கூடாது. அந்த லைப்ரரி இணைய மேடையில் ஏற்கெனவே இருக்காது. நாம்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

பிப் கட்டளைக்குப் பின்னால்

பைத்தான் உலகில் கூடுதல் லைப்ரரியைக் கொண்டுவரும் வழக்கமான கருவி பிப். 2008-இல் இயன் பிக்கிங் உருவாக்கியது. லைப்ரரியின் பெயரைச் சொல்லி 'பிப் இன்ஸ்டால்' என்று கொடுத்ததும் நடப்பவை நான்கு.

முதலில் பைபிஐ என்ற பொதுப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுகிறது. அடுத்து, அங்குள்ள கோப்புகளில் நம் சூழலுக்குப் பொருந்துவது எது என்று பார்க்கிறது. வீல் எனப்படும் அந்தக் கோப்பின் பெயரிலேயே பைத்தான் பதிப்பு, இயங்குதளம், செயலியின் வகை எல்லாம் எழுதப்பட்டிருக்கும். மூன்றாவதாக, அந்த லைப்ரரி வேறு எவற்றை நம்பியிருக்கிறது என்று படித்து, அவற்றையும், அவை நம்பியிருப்பவற்றையும் சேர்க்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் அவிழ்த்துப் பைத்தான் தேடும் ஃபோல்டரில் வைக்கிறது. வீல் என்பது வெறும் ஜிப் கோப்புதான். அவிழ்த்து உரிய இடத்தில் வைப்பதே நிறுவுதல்.

"நிறுவியாகிவிட்டது" என்று செய்தி வந்த பிறகும் "அப்படி ஒரு மாட்யூல் இல்லை" என்று பைத்தான் சொல்வது ஏன் என்பது இங்கே விளங்கும். ஒரே சர்வரில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருக்கும். சேஜுக்குத் தனிப் பைத்தான். சர்வரின் அமைப்புக்கு ஒன்று. டெர்மினலில் திறப்பது இன்னொன்றாக இருக்கலாம். ஒன்றின் ஃபோல்டரில் வைத்துவிட்டு இன்னொன்றிடம் கேட்டால் அது இல்லை என்றுதான் சொல்லும். ஆகவே கணக்குப் போடும் அதே நோட்புக்கின் கட்டத்தில், விழுக்காட்டுக் குறியோடு தொடங்கும் பிப் கட்டளையைக் கொடுப்பதே பாதுகாப்பு. அது அந்த நோட்புக்கை ஓட்டும் பைத்தானுக்கே லைப்ரரியைச் சேர்க்கும். சேர்த்த பிறகு, கெர்னல் எனப்படும் அந்தப் பைத்தான் ஓட்டத்தை ஒருமுறை மீண்டும் தொடங்குவதும் நல்லது. ஏற்கெனவே நினைவில் ஏறிய பழைய பதிப்பு தானாக இறங்காது.

கணினி நம்முடையது அல்ல

இணைய மேடையில் நாம் குடியிருப்பவர்கள், சொந்தக்காரர்கள் அல்ல. இதிலிருந்து மூன்று கட்டுப்பாடுகள் வருகின்றன.

ஒன்று, உரிமை. எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரில் எழுதும் நிர்வாகி உரிமை நமக்குப் பெரும்பாலும் கிடையாது. அப்படி இருப்பதே நியாயம்: ஒருவர் மாற்றினால் எல்லோருடைய கணக்கும் மாறிவிடும். நம் வீட்டு ஃபோல்டருக்குள் நிறுவும்படி பிப்பிடம் சொல்லலாம். அதைவிடச் சிறந்தது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கி அதற்குள் மட்டும் நிறுவுவது. நியூட்ரினோ கணக்குக்கு ஒரு சூழல், ஏலக்காய் விலை ஆய்வுக்கு வேறொரு சூழல். ஒன்றில் செய்த மாற்றம் மற்றதைத் தொடாது.

இரண்டு, ஆயுள். கோலாபின் இலவசச் சேவையில் ஒரு அமர்வு அதிகபட்சம் 12 மணி நேரமே. அது முடிந்ததும் நாம் நிறுவியவை எல்லாம் அழிந்துவிடும். அடுத்த முறை மீண்டும் நிறுவ வேண்டும். கோகால்க்கில் நம் ஃபோல்டர் தங்கும். அங்கே நிறுவியதும் தங்கும்.

மூன்று, இணைப்பு. கோகால்க்கின் கட்டணமில்லாத திட்டங்களில், நம் நிரல் சர்வரிலிருந்து வெளி இணையத்தை அணுக முடியாது. உலாவி வழியே நாம் உள்ளே போகிறோம். உள்ளே ஓடும் பிப்பால் வெளியே வர முடிவதில்லை. இலவசக் கணினிகளைக் கொண்டு பிறரைத் தாக்குபவர்களைத் தடுக்க வைத்த வேலி அது. பிப் பலமுறை முயன்று, இணைப்புப் பிழை என்று நின்றுவிடும். லைப்ரரி கெட்டுவிட்டது என்று மாணவர்கள் இங்கே நினைத்துவிடுகிறார்கள். தேவையான வீல் கோப்பை நம் கணினியிலோ கைபேசியிலோ பதிவிறக்கி, திட்டத்துக்குள் ஏற்றி, பைபிஐ பெயருக்குப் பதிலாக அந்தக் கோப்பின் பெயரையே பிப்புக்குக் கொடுத்தால் வேலை நடக்கும். அது நம்பியிருக்கும் மற்றக் கோப்புகளையும் கூடவே ஏற்ற வேண்டும்.

பதிப்புகள் மோதும்போது

நிறுவுதலில் உண்மையான கணிதம் ஒளிந்திருக்கும் இடம் இது. 2024 ஜூனில் நம்பை லைப்ரரியின் இரண்டாம் பெரும் பதிப்பு வந்தது. பைத்தானில் எண்களைக் கையாளும் அநேகமாக எல்லா அறிவியல் லைப்ரரிகளும் அதன்மேல்தான் நிற்கின்றன. முதல் பதிப்புக்கென்று கம்பைல் செய்யப்பட்டிருந்தவை இரண்டாம் பதிப்போடு பேச முடியாமல் நின்றன. ஒரு லைப்ரரி 2-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. இன்னொன்று 2-க்கு மேலே வேண்டும் என்கிறது. ஒரே சூழலில் நம்பை ஒன்றுதான் இருக்க முடியும்.

30 லைப்ரரிகள், ஒவ்வொன்றுக்கும் 10 பதிப்புகள் என்றால் சேர்க்கைகளின் எண்ணிக்கை ஒன்றுக்குப் பின் 30 பூஜ்யங்கள். எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றும் சேர்க்கை ஒன்று இருக்கிறதா என்ற கேள்வி, பொதுவடிவில், 1971-இல் ஸ்டீபன் குக் ஆராய்ந்த தர்க்க நிறைவுச் சிக்கலுக்கு நிகரானது. எல்லாச் சூழலிலும் விரைந்து விடை காணும் முறை எதுவும் அதற்கு அறியப்படவில்லை. அப்படி ஒரு முறை உண்டா என்பதே கணினி அறிவியலின் தீராத பெருங்கேள்வி. 2020 நவம்பரில் வந்த 20.3-ஆம் பதிப்பிலிருந்து பிப் ஒரு பாதையில் முட்டிக்கொண்டால் பின்வாங்கி வேறு பதிப்பை முயல்கிறது. காண்டா என்ற மாற்றுக் கருவி தர்க்கத் தீர்ப்பான்களையே பயன்படுத்துகிறது. பிப் ஒரே லைப்ரரியின் பல பதிப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால், அது பழுதாகவில்லை. இந்தக் காட்டுக்குள் வழி தேடிக்கொண்டிருக்கிறது. நாம் வேண்டாத லைப்ரரிகளை நீக்கி, புதிய சூழலில் தேவையானவற்றை மட்டும் ஒரே கட்டளையில் கேட்டால் அதன் தேடல் சுருங்கும்.

பைத்தானுக்குக் கீழே

நியூஸ்குவிட்ஸ் சி++ மொழியில் எழுதப்பட்டது. அது ஸ்குவிட்ஸ் என்ற அடிப்படை லைப்ரரியையும், ஜிஎஸ்எல் என்ற குனு அறிவியல் லைப்ரரியையும், பெருந்தரவைச் சேமிக்கும் எச்டிஎஃப்-5-ஐயும் கேட்கிறது. மூலநிரலிலிருந்து நிறுவுவதென்றால், இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பைல் செய்ய வேண்டும். நிர்வாகி உரிமை இல்லாததால், வீட்டு ஃபோல்டருக்குள் ஓர் இடத்தைக் குறித்து, "எல்லாம் இங்கேயே போகட்டும்" என்று ஒவ்வொன்றின் அமைவுக் கட்டளையிலும் சொல்ல வேண்டும். பிறகு, ஓடும்போது அந்த இடத்திலும் தேடும்படி இயங்குதளத்துக்கு ஒரு சூழல் மாறியின் வழியே தெரிவிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்தால், கம்பைல் வெற்றியாக முடிந்தும் லைப்ரரி திறக்காது.

இதைப் பெரிய அளவில் செர்ன் வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. அங்கு ஸ்வான் என்ற இணைய நோட்புக் மேடை இருக்கிறது. ஜியண்ட்-4, ரூட் உள்ளிட்ட நூற்றுக்கணக்கான லைப்ரரிகள் ஒத்துப்போகும் பதிப்புகளாக முன்பே கம்பைல் செய்யப்பட்டு, வலைவழிக் கோப்பமைப்பு ஒன்றில் வாசிக்க மட்டும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆய்வாளர் தனக்கு வேண்டிய வெளியீட்டின் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார், எதையும் நிறுவுவதில்லை. எவர் அதே எண்ணைத் தேர்ந்தாலும் அதே லைப்ரரிகள் கிடைக்கின்றன. தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகளுக்கும் இப்படி ஒரு பொது மேடை வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தனியே மல்லுக்கட்டி இழக்கும் மணி நேரங்களை அது மீட்டுத் தரும்.

உலாவிக்குள்ளேயே கணக்கு

மலைச்சரிவில் இணைய இணைப்பு அடிக்கடி அறுபடும் இடங்களுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. 2018-இல் மொஸில்லாவில் மைக்கேல் டிரோட்பூம் தொடங்கிய பையோடைட், பைத்தானையே உலாவிக்குள் ஓடும் வடிவத்துக்கு மாற்றியது. சர்வர் கணக்குப் போடுவதில்லை. நம் கருவியின் செயலியே போடுகிறது. பக்கம் திறந்து தேவையானவை இறங்கிய பிறகு இணைப்பு அறுந்தாலும் கணக்கு நிற்காது.

அங்கே பிப்புக்குப் பதில் மைக்ரோபிப். பைத்தானில் மட்டுமே எழுதப்பட்ட லைப்ரரிகளை அது நேரே பைபிஐயிலிருந்து எடுத்துக்கொள்ளும். சி, ஃபோர்ட்ரான் கலந்தவற்றை யாராவது உலாவிக்கென்று முன்பே கம்பைல் செய்து வைத்திருக்க வேண்டும். சைபை லைப்ரரிக்குள் இருந்த பழைய ஃபோர்ட்ரான் பகுதிகளைச் சி மொழிக்கு மாற்றியே அதை உலாவிக்குள் கொண்டுவந்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் பெரும் கணினிகளுக்கென்று எழுதப்பட்ட நிரல் இன்று கைபேசியின் உலாவியில் ஓடுகிறது. முதல் பகுதியில் போட்ட அலைவுக் கணக்கையும், சைபையின் தீர்ப்பானைக் கொண்டு நாமே எழுதும் பொருள்விளைவுக் கணக்கையும் இங்கே தாராளமாகப் போடலாம். நியூஸ்குவிட்ஸ் போன்ற கனமானவற்றுக்குச் சர்வரை நாடலாம்.

யாரை நம்புவது?

மூலநிரல் வடிவில் வரும் லைப்ரரியை நிறுவும்போதே அதன் நிரல் நம் பெயரில் ஓடத் தொடங்கிவிடும். புகழ்பெற்ற லைப்ரரியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் பைபிஐயில் தீய நிரலை வைப்பவர்கள் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க லைப்ரரியில், ஆண்டுக்கணக்கில் நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் மறைவாக ஒரு கள்ளக்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. சர்வரில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவது ஏன் என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் விடாமல் துருவியதால் உலகம் தப்பியது.

இணைய மேடையின் வேலி பிறரைக் காக்கும். நாம் அதற்குள் வைத்திருக்கும் கடவுச்சொற்களையும் தரவையும் காக்காது. ஆகவே பெயரை லைப்ரரியின் அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்து எடுத்து எழுதுங்கள். ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணிக்கப்படும் அடையாள எண்ணைப் பட்டியலில் சேர்த்து, அது பொருந்தினால் மட்டும் நிறுவும்படி பிப்பிடம் சொல்லலாம். போடி ஏலக்காய் ஏலத்தில் குவியலின் எண்ணைச் சொன்னால் எந்தச் சரக்கு என்று வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஐயமின்றித் தெரிவதைப் போல, இந்த எண்ணைச் சொன்னால் எந்தக் கோப்பு என்பதில் ஐயமே இராது.

பட்டியலும் விடையே

வேலை முடிந்ததும் பிப்பின் ஃபிரீஸ் கட்டளையைக் கொடுத்தால், சூழலில் உள்ள ஒவ்வொரு லைப்ரரியின் பெயரையும் பதிப்பையும் வரிசையாகத் தரும். அதைக் கோப்பாகச் சேமியுங்கள். அதில் வராதவை மூன்று: பைத்தானின் பதிப்பு, நாம் கம்பைல் செய்த சி++ லைப்ரரிகளின் பதிப்புகள், சமவாய்ப்பு எண்களின் தொடக்க விதை. ஜியண்ட்-4 போன்ற உருவகங்கள் கோடிக்கணக்கில் சமவாய்ப்பு எண்களை இழுப்பவை. விதை தெரியாவிட்டால் அதே ஓட்டம் மீண்டும் வராது. இவற்றையும் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். பிறகு ஒரு வெறுமையான சூழலைத் திறந்து, அந்தப் பட்டியலைக் கொண்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, அதே விடை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பட்டியலில் குறை இருக்கிறது.

பொட்டிபுரம் பற்றிய விவாதத்தில் இது வெறும் தொழில்நுட்ப ஒழுங்கு அல்ல. கருவி என்ன காணும் என்பது கணக்கு. பாறையை வெடித்தால் அதிர்வு எவ்வளவு தூரம் பரவும், நிலத்தடி நீர் எப்படி நகரும் என்பவற்றுக்கான மதிப்பீடுகளும் கணக்குகளே. ஆய்வகம் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஒருவர் கணக்கை மற்றவர் ஓட்டிப் பார்க்க முடிந்தால்தான், வாதம் யார் பெரிய ஆள் என்பதை விட்டு எந்த எண் சரி என்பதற்கு வரும். அதற்கு வேண்டியது நிரலும், தரவும், லைப்ரரிகளின் பட்டியலும். மலையடிவாரத்து ஊர்களின் பிள்ளைகள் இன்று அதை ஓட்டிப் பார்க்கும் நிலையில் இருக்கிறார்கள். ஆகவே கல்லூரிகள் செய்முறைத் திட்ட அறிக்கைகளை இந்தப் பட்டியல் இல்லாமல் ஏற்கக் கூடாது. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுகளும் அதை வெளியிட வேண்டும். பிறர் ஓட்டிப் பார்க்க முடியாத விடையை, எவ்வளவு பெரியவர் சொன்னாலும், இன்னும் முடியாத கணக்கு என்றே கொள்ள வேண்டும்.